அடுத்தடுத்து இரண்டு முறை கரு கலைந்த பிறகு கருவுறுதல் பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டுமா, அல்லது மறுபடியும் முயன்று பார்க்கலாமா?

பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்; ஆனால் உங்களிடம் முதலில் பரிந்துரைக்கப்பட்டிருக்கும் பரிசோதனைகளை அல்ல. வயது 36, இரண்டு கர்ப்பமும் பத்து வாரத்துக்குள் கலைந்துவிட்டன, "மூன்றாவது முறையும் இப்படி ஆனால் பார்க்கலாம்" என்கிறார் ஒரு மருத்துவர், குழந்தைப்பேறு மையம் ஒன்றோ நீண்ட பட்டியலைக் கையில் கொடுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தடுத்துக் கருவை இழந்து இதே குழப்பத்தில் நின்றவள் என்பதால், நான் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உங்கள் மருத்துவர் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுடைய வழிகாட்டுதல் மூன்று இழப்புகளைத்தான் கணக்காகக் கொள்கிறது. ஆயினும் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில், சூழ்நிலையைப் பொறுத்து இரண்டு இழப்புகளுக்குப் பிறகே பரிசோதிக்கலாம் என்று அதுவும் இடம் கொடுத்திருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவ அமைப்புகள் இரண்டிலேயே தொடங்கச் சொல்கின்றன. முப்பத்தைந்தைக் கடந்த ஒருவரிடம் இன்னோர் இழப்புக்காகக் காத்திருக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை அவரிடம் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அந்தப் பட்டியலில் உள்ள கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., கருக்குழாய் அடைப்பு ஆகிய சோதனைகள், கரு உண்டாவதில் தடை இருக்கிறதா என்பதை அறிவதற்கானவை. உங்களுக்குக் கரு உண்டாகிறது. அது நிலைப்பதில்தான் சிக்கல். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கு முன்னும், "இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத சோதனையைத் தள்ளிவைக்கலாம்.

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் உள்ளது ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனை. இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் இந்த நிலை உறுதியானால், அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரே முடிவை வைத்து இதை உறுதிப்படுத்தக் கூடாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். சாதாரணத் தொற்றுக்குப் பிறகுகூட இந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தென்படுவதுண்டு. எனக்கு முதல் முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்ற ஆறுதலும், வாழ்நாள் நோயோ என்ற பயமும் கலந்து அந்த இடைக்காலம் முழுவதும் என்னை அலைக்கழித்தன. இரண்டாவது முடிவு நெகட்டிவ். பரிசோதனை செய்ய முடிவெடுப்பவர்கள் இந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்ததாக, கருப்பையின் உள்ளே தடுப்புச்சுவர் போன்ற அமைப்புக் குறை உள்ளதா என்பதை முப்பரிமாண ஸ்கேனில் பார்க்கலாம். தைராய்டுக்கு எளிய இரத்தப் பரிசோதனை போதும், சர்க்கரையையும் கூடவே பார்த்துவிடலாம். கணவன் மனைவி இருவரின் குரோமோசோம்களையும் பார்ப்பதுண்டு. ஒருவரிடம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தால், அவர் முழு ஆரோக்கியத்துடன் இருந்தாலும் கருவைப் பாதிக்கலாம். மீண்டும் ஓர் இழப்பு நேரக் கூடாது. நேர்ந்தால், வெளியேறிய திசுவை மரபணுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, கருவிலேயே தற்செயலாக நேர்ந்த குரோமோசோம் பிழையால் கலைபவை. அப்படி ஒரு முடிவு வந்தால் தேடலின் திசையே மாறிவிடும்.

நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான என்.கே. செல்களை அளக்கும் சோதனைக்கும், அதைத் தொடர்ந்து விற்கப்படும் நோயெதிர்ப்புச் சிகிச்சைகளுக்கும் தயங்காமல் மறுப்புச் சொல்லலாம். அவை பயன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பரம்பரை இரத்த உறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஹெப்பாரின் கொடுத்தும் குழந்தைப் பிறப்பு கூடவில்லை என்பதை 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

எல்லாம் முடிந்தும் காரணம் தெரியாமல் போகலாம். தொடர் கருச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். காரணம் தெரியாதவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னர் குழந்தை பிறக்கிறது. ஆனால் வயது கூடக்கூட அந்த வாய்ப்பு குறைகிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. படி ஏறியதும் வேலைக்குப் போனதும் காரணமாகுமோ என்று என்னையே விசாரித்துக்கொண்டிருந்த எனக்கு, சிகிச்சை தேவைப்படும் எதுவும் தப்பிவிடவில்லை என்று தெரிந்ததே பெரிய விடுதலையாக இருந்தது.

இப்போது எதையும் தாங்கும் நிலையில் இல்லை என்றால் சில மாதம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. ஆனால் அடுத்த முயற்சிக்கு முன், எதிர்ப்பொருள் பரிசோதனையையாவது இரண்டு முறையும் முடித்துவிடுங்கள். அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தக்கசிவு தென்பட்டால், கர்ப்பம் நிலைக்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் கொடுக்கலாமா என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள். முன்பு கரு கலைந்து, மறுபடியும் கசிவுடன் வருகிறவர்களுக்கு அது உதவக்கூடும் என்பதற்கு 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் சான்று உண்டு.