கேள்வி–பதில்: வரலாற்று ஆய்வுக்கு யார் காசு கொடுப்பது?

கே: அமெரிக்காவில் பேராசிரியர்கள் கூட்டமாகப் போய் எம்.பி.க்களிடம் வரலாறு, இலக்கிய ஆய்வுக்கு நிதி கேட்கிறார்களாமே? என்னதான் பேசுவார்கள்? (வாசகி, திருநெல்வேலி)

ப: பேச்சைவிடக் கையில் இருக்கும் ஒற்றைத் தாள்தான் முக்கியம். வரலாறு, இலக்கியம், மொழி போன்ற மானுடப்புலத் துறைகளுக்காகப் பேசும் தேசிய மானுடப்புலக் கூட்டணி என்ற அமைப்பு ஆண்டுதோறும், பெரும்பாலும் மார்ச்சில், ஆட்களைத் திரட்டி வாஷிங்டனுக்கு அழைத்துப் போகிறது. அங்கே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரை நேரில் பார்ப்பது அபூர்வம். எதிரே உட்காருகிறவர் அவருடைய இளம் உதவியாளர். கிடைப்பது 15, 20 நிமிடம். மொழி இல்லாமல் மனிதன் ஏது என்று ஆரம்பித்தால் அந்த நேரம் அதிலேயே போய்விடும்.

தாளின் முதல் வரியில் எந்த மசோதா, எந்த நிறுவனம், எத்தனை டாலர் என்பது இருக்க வேண்டும். இந்தத் துறைகளுக்கு மானியம் தரும் அரசு அமைப்பான தேசிய மானுடப்புல நிதியத்துக்கான பணம் ‘இன்டீரியர்’ (உள்துறை) நிதி மசோதாவில், தேசியப் பூங்காக்களோடு சேர்ந்து வருகிறது. சமூக அறிவியலுக்கும் கொடுக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணமோ வணிகம், நீதி, அறிவியல் மசோதாவில். இதை மாற்றி எழுதினால், வந்தவருக்கே விஷயம் தெரியாது என்று உதவியாளர் முடிவு கட்டிவிடுவார். அடுத்த வரியில், அந்த உறுப்பினரின் தொகுதியிலேயே இந்தப் பணத்தால் நடந்த வேலை: இன்ன ஊர் நூலகம், இன்ன அருங்காட்சியகம், இவ்வளவு தொகை.

காலமும் முக்கியம். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. ஆனால் உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கைகளை நிதி ஒதுக்கும் துணைக்குழுவுக்கு எழுதித் தருவது வசந்த காலத்தில். செப்டம்பரில் போய் நிற்பது பந்தி முடிந்தபின் இலை கேட்கிற கதை.

இன்னொன்று: அரசு மானியப் பணத்தில் டிக்கெட் எடுத்து, அதே அரசிடம் நிதி கேட்டு வாதாடப் போகக் கூடாது. சட்டம் தடுக்கிறது. சங்கப் பணமோ சொந்தப் பணமோதான்.

கே: இதனால் பலன் உண்டா? (வாசகர், காரைக்குடி)

ப: உண்டு, ஓர் எல்லை வரை. 1965-ல் சட்டமாகிப் பிறந்த மானுடப்புல நிதியத்தை மூடிவிடலாம் என்று 2017-ல் டிரம்ப் அரசு முன்மொழிந்தது. காங்கிரஸ் மூடவில்லை, 2017-ல் 14.98 கோடி டாலராக இருந்ததை 2018-ல் 15.28 கோடியாக உயர்த்தியது. 2023-ல் அது 20.7 கோடி. காரணம் இலக்கியப் பற்று மட்டுமல்ல. நிதியத்தின் திட்டப் பணத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் மாநிலங்கள், ஆட்சிப் பகுதிகளில் உள்ள 56 மானுடப்புல மன்றங்களுக்குப் போய்வந்தது. எந்த உறுப்பினரின் ஊரிலும் அதன் தடம் இருந்தது.

எல்லை எங்கே என்றால், காங்கிரஸ் ஒதுக்கிவிட்டாலே பணம் கைக்கு வந்துவிடாது. 2025 ஏப்ரலில், ஏற்கெனவே வழங்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை நிர்வாகமே ரத்து செய்தது. அங்கே ஒற்றைத் தாள் உதவாது. மே மாதம் அமெரிக்க வரலாற்றுச் சங்கம் உள்ளிட்ட மூன்று அறிஞர் அமைப்புகள் நீதிமன்றத்துக்குப் போயின.

கே: ‘வீண் ஆராய்ச்சி’ என்ற கேலிக்கு என்ன பதில் சொல்வது? (ஆய்வு மாணவர், கோவை)

ப: கேலி புதிதல்ல. 1975-ல் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் அரசுப் பணம் வீணாவதைக் கேலி செய்யத் தொடங்கிய ‘தங்கக் கம்பளி’ விருதில் முதல் அடி, காதல் பற்றிய ஓர் ஆய்வுக்குக் கொடுத்த 84,000 டாலருக்கு. 2013-ல் செனட்டர் டாம் கோபர்ன் கொண்டுவந்த திருத்தம் இன்னும் கடுமை: நாட்டின் பாதுகாப்புக்கோ பொருளாதாரத்துக்கோ உதவும் என்று சான்று தந்தால்தான் அரசியல் அறிவியலுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணம். அந்த ஆண்டு ஒரு விண்ணப்பச் சுற்றே ரத்தானது. 2014 ஜனவரியில் வந்த நிதிச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை.

அலைக்கற்றை ஏல முறையைப் பொருளாதார ஆய்வுதான் வடிவமைத்தது, அது கஜானாவுக்கு 20,000 கோடி டாலருக்கு மேல் கொண்டுவந்தது என்று சமூக அறிவியலார் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதைக் காட்டி வரலாற்றுக்கு நிதி கேட்காதீர்கள். ‘அப்படியானால் உங்கள் கல்வெட்டு எவ்வளவு சம்பாதிக்கும்?’ என்ற கேள்வியை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். தற்காப்பு தலைப்பிலேயே தொடங்குகிறது. கேலி செய்கிறவர்கள் 200 பக்க அறிக்கையைப் புரட்டுவதில்லை. தலைப்பும் பொதுச் சுருக்கத்தின் முதல் வரியும் அவர்களுக்குப் போதும். அவை இரண்டையும் துறைக்கு வெளியே ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

கே: நம் நாட்டில் யாரிடம் கேட்பது? (வாசகி, சென்னை)

ப: முகவரி தவறுவதுதான் இங்கே பெரிய சிக்கல். 1969-ல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றத்துக்கான பணம் கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் வருகிறது. பிப்ரவரி 1 பட்ஜெட்டுக்குப் பின் நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் வரும் இடைவேளையில், கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதைப் பரிசீலிக்கும். இந்தக் குழு மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குவது. மனு அதற்கு முன்பே அங்கே சேர வேண்டும். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை மத்திய மன்றம், மாநில அரசு இரண்டிடமும் நிதி பெறுபவை. அங்கே ஒரு கதவை மட்டும் தட்டினால் போதாது.

2023 சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம் வேறு அமைச்சகத்தைச் சேர்ந்தது, அறிவியல்–தொழில்நுட்பத்தின் கீழ். 5 ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள்: மானுடப்புலமும் சமூக அறிவியலும் அறிவியல், தொழில்நுட்பத்தோடு தொடும் இடங்கள் மட்டும்தான் அதில் வருகின்றன. கல்வெட்டு எழுத்தைக் கணினியால் படிக்கும் திட்டத்துக்கு இடம் இருக்கலாம். கல்வெட்டு சொல்லும் நிலவரி வரலாற்றுக்குச் சந்தேகம்தான். இந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்பது, தொகையைக் கூட்டச் சொல்வதைவிட அவசரம் என்பது எங்கள் எண்ணம்.

மனு எழுதுமுன் பட்ஜெட் ஆவணத்தில் ஒதுக்கீட்டை மட்டும் பார்க்காமல், திருத்திய மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். செலவு குறைவாக இருந்தால் ‘கொடுத்ததையே செலவழிக்கவில்லையே’ என்பதுதான் பதிலாக வரும். அதற்கு ஒரு வழக்கமான காரணம், ஜி.எஃப்.ஆர். (அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில், பெற்ற பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமாகப் போவது. முதல் தவணைக்கு அது போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். ஆண்டுக் கடைசியில் பணம் திரும்பிப் போகும்.