டிடெக்டிவ் வைக்கலாமா? வைத்தால் எதுவரை?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன். கணவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஒரு பையன் இருக்கிறான். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணோடு ராத்திரியெல்லாம் பேச்சு. கேட்டால் "பையர் ஆபீஸ் பொண்ணு" (துணி வாங்குகிற கம்பெனியின் ஆபீஸ்) என்கிறார். கோவையில் ஒரு டிடெக்டிவ் ஏஜென்சியில் விசாரித்தேன். "அவரு போனைப் பத்து நிமிஷம் எடுத்துக் குடுங்க, ஒரு ஆப் போட்டுத் தர்றோமுங்க. கால் லிஸ்ட்டும் வாங்கிக்கலாம்" என்கிறார்கள். அட்வான்ஸுக்கு நகையை அடமானம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். டிடெக்டிவ் வைப்பது தப்பில்லை. ஆனால் இந்த ஏஜென்சி செய்து தருவதாகச் சொல்லும் இரண்டுமே குற்றம், அதில் நீங்களும் மாட்டுவீர்கள்.

கணவருக்குத் தெரியாமல் அவர் போனில் ஆப் போடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் வரும். 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு இன்ஸ்டாவுக்குள் போனால் அதே சட்டத்தின் 66சி பிரிவு. புருஷன் போன்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. யாரோடு எப்போது பேசினார் என்று காட்டும் கால் லிஸ்ட்டும் அப்படித்தான். தனி ஆள் ஒருவர் அதைக் கொண்டுவந்து தருகிறார் என்றால் எங்கேயோ திருடியது என்று அர்த்தம். 2018-ல் தானேயில் இதை விற்ற டிடெக்டிவ்களைப் போலீஸ் கைது செய்தது. நாளைக்குச் சமரசப் பேச்சில் ஜீவனாம்சம், பையன் யாரிடம் இருப்பது என்று வரும்போது, எதிர்த்தரப்பு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே உங்களை இறங்கிவர வைக்கும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

"ரகசியமா எடுத்த ரெக்கார்டிங்கை சுப்ரீம் கோர்ட்டே ஏத்துக்கிச்சே" என்று ஏஜென்சியில் சொல்வார்கள். 2025 ஜூலை 14-ல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் அது, ஒரு கணவர் தன் மனைவியோடு தானே பேசியதைப் பதிவு செய்த வழக்கு. உங்களிடம் அவர் பேசியதை நீங்கள் பதிவு செய்திருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். அவர் இன்னொருவரோடு பேசுவதைத் திருடி எடுப்பது வேறு. கோர்ட் ஒன்றைச் சாட்சியமாகப் பார்த்தாலும், அதை எடுத்த விதத்துக்கான வழக்கு தனியாக நிற்கும்.

சரி, டிடெக்டிவ் என்னதான் செய்யலாம்? நாலு பேர் நடமாடும் இடத்தில் பார்க்கலாம், படம் எடுக்கலாம். உதாரணத்துக்கு, உங்கள் கணவர் ஏற்காட்டில் எந்த லாட்ஜ் வாசலில் எத்தனை மணிக்கு யாரோடு இறங்கினார் என்பதோடு டிடெக்டிவ் வேலை முடிந்தது. இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் தனி லைசென்ஸ் சட்டம் கிடையாது. 2007-ல் ராஜ்யசபாவில் கொண்டுவந்த மசோதா சட்டமாகவே இல்லை. கோவை காந்திபுரத்தில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: பின்தொடர்ந்து போகிற ஆள் யார், அவர் கூண்டேறிச் சாட்சி சொல்வாரா, ஒரிஜினல் ஃபைல்களைத் தருவீர்களா, பில் உண்டா? "சாட்சிக்கெல்லாம் வரமாட்டோமுங்க" என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பி வழக்கு நடத்த முடியாது.

அதைவிட, எல்லோரும் பார்க்கிறபடி கிடக்கிற பதிவுகளை நீங்களே ஒழுங்காக எடுத்து வையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கின் முகப்பிலிருந்து பெயர் தெரிய ஆரம்பித்து, பதிவு வரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். தேதியும் தெரிய வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்: ஒரு பாகம் உங்களுடையது, இன்னொரு பாகம் நிபுணருடையது. அதில் ஃபைலின் ஹாஷ் எண் வரும். ஃபைலுக்குக் கைரேகை மாதிரி அது. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அதனால் எடுத்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். கால் விவரம் அவசியமென்றால், வழக்கு போட்டபின் கோர்ட் மூலமாகவே கேட்டு மனு போடலாம். போன் கம்பெனிகள் அதைக் குறைந்தது 2 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

ஆதாரம் எதற்கு என்பதையும் முதலில் முடிவு செய்யுங்கள். சுப்ரீம் கோர்ட்டின் 2018 தீர்ப்புக்குப் பிறகு கள்ளத்தொடர்பு குற்றமில்லை, போலீஸில் கேஸ் ஆகாது. விவாகரத்துக்குக் காரணமாகும், ஆனால் வெறும் சாட்டிங்கை வைத்து அதை நிரூபிப்பது கஷ்டம். மனரீதியான கொடுமை என்ற காரணத்துக்குத்தான் அது கூடுதலாக உதவும். ஜீவனாம்சத்துக்கோ அவர் வருமானமும், உங்களையும் பையனையும் பராமரிக்கிறாரா என்பதும்தான் முக்கியம். சம்பளம், வங்கி வரவு, ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுகிறார்கள் என்ற விவரமெல்லாம் இன்ஸ்டா பேச்சைவிட அங்கே கனமானவை.

இன்னொன்று. ஐரோப்பா ஆர்டர் பார்க்கிறவர்கள் ராத்திரியில் பேசுவது திருப்பூரில் சகஜம். அந்தப் பெண் நிஜமாகவே பையர் ஆபீஸ் ஆளாகவும் இருக்கலாம். எது கையில் கிடைத்தாலும் பங்காளிகள் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெண் அவதூறு வழக்கு போட முடியும், பையனும் ஒரு நாள் அதைப் பார்ப்பான்.

வக்கீல் செலவுக்காக நகையைத் தொட வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். போகும்போது கல்யாணப் பத்திரிகை, ஆதார், பையனின் பிறப்புச் சான்றிதழ், அந்தப் பதிவுகள் இருக்கிற போன் எல்லாம் கையில் இருக்கட்டும்.