ஆன்லைன் ஸ்லாட்டில் ஜாக்பாட் விழ எவ்வளவு வாய்ப்பு?

ஸ்லாட் என்பது பட்டனைத் தட்டிப் படச் சக்கரங்களைச் சுழலவிடும் சூதாட்டம். ஜாக்பாட் என்பது அந்த விளையாட்டின் மிகப் பெரிய பரிசு, மூன்று சக்கரத்திலும் 7 வரிசையாக வந்து நின்றால் கிடைப்பது மாதிரி. திரையில் ஒரு சக்கரத்துக்கு 22 படம் என்றால் 22×22×22, அதாவது 10,648இல் ஒன்று என்று கணக்குப் போடத் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

சக்கரம் சுற்றுவது வெறும் காட்சி. நீங்கள் பட்டனைத் தட்டியதுமே நிரல் ஒரு எண்ணை எடுத்து முடிவை எழுதிவிடுகிறது. 1984இல் டெல்னஸ் என்பவர் அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமையின் தந்திரம் இதுதான்: கண்ணுக்குத் தெரிவது 22 படம், உள்ளே இருப்பதோ, உதாரணத்துக்கு, 256 எண்கள். அதில் 7க்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால் வாய்ப்பு சுமார் 1.68 கோடியில் ஒன்றாகிவிடும். பக்கத்துப் படங்களுக்கு எண்களை அள்ளிக் கொடுத்தால் "அடடா, ஒரே ஒரு கட்டம் தள்ளிப் போச்சே" என்று அடிக்கடி தோன்றும், அதுவும் சும்மா இல்லை.

1.68 கோடி என்றால் எவ்வளவு? 25 கிலோ அரிசி மூட்டை பத்தைக் கொட்டி, ஒரே ஒரு அரிசியில் மை வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுங்கள். கிடைக்கவில்லையா, சரி, அதைத் திரும்பப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளில் உள்ள மெகாபக்ஸ் என்ற ஸ்லாட்டில் வாய்ப்பு இன்னும் மோசம், ஏறக்குறைய 5 கோடியில் ஒன்று.

அப்புறம், "ரொம்ப நாளாக விழவில்லை, இப்போது விழுந்தே ஆகும்" என்பார்கள். போன சுற்றில் என்ன வந்தது என்பதே அந்த நிரலுக்குத் தெரியாது.