நீர்க்கட்டி 4.2 செ.மீ.: ஆபரேஷன் வேண்டுமா?

"வயது 34. அடிவயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 4.2 செ.மீ. 'சிம்பிள் சிஸ்ட்' என்று வந்திருக்கிறது. கேன்சருக்காக ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 அளவு 48. உடனே எடுக்காவிட்டால் கேன்சராகிவிடும் என்கிறார்கள். எடுத்துவிடவா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

வேண்டாம். நீங்கள் 4.2 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். டாக்டர்களான நாங்கள் கட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்கேனில் நீர் கறுப்பாகத் தெரியும். மெல்லிய சுவர், உள்ளே முழுக்கக் கறுப்பு, தடுப்புச் சுவரோ சதையோ இல்லை என்றால் வெறும் நீர்தான். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 5 செ.மீ.க்குள் இப்படி இருந்தால் பொதுவாக மறு ஸ்கேனே தேவையில்லை. பெரும்பாலும் மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் தானாக வற்றிவிடும். மனசு கேட்கவில்லையா, மூன்று மாதம் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு ஒரு ஸ்கேன் எடுங்கள். சுவரிலிருந்து மொட்டு மொட்டாகச் சதை நீட்டிக்கொண்டிருந்தால் கதையே வேறு.

சிஏ-125 பற்றிக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. மாதவிடாய் நாட்களில், கருப்பைக் கட்டியில், எண்டோமெட்ரியோசிஸில் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), வயிற்றுக் காசநோயில்கூட அது ஏறும். உங்கள் வயதில், சாதாரண நீர்க்கட்டிக்கு இதை எடுத்ததே வீண். ஆனால் அந்த 48-ஐக் காட்டித்தான் 'இன்றே அட்மிஷன், பேக்கேஜ் ரேட்' என்று ஆள் பிடிக்கிறார்கள். ஸ்கேன் சென்டர் வாசலிலேயே ஆஸ்பத்திரி பெயர் சொல்லி அனுப்புகிறவரிடம் அவருக்கு என்ன கமிஷன் என்று கேளுங்கள். ரிப்போர்ட் எழுதுகிறவர்களும் 'கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்' (அதாவது, நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்) என்று ஒரு வரி போட்டுக் கழன்றுகொள்கிறார்கள். அதை நோயாளியிடம் விளக்க யாருக்கும் நேரமில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நான் சொன்ன நிதானம் கூடாது. திடீரென்று ஒரு பக்கம் சுருட்டிப் பிடித்த வலி, கூடவே வாந்தி. கட்டியின் பாரத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வலி விட்டு விட்டு வந்தாலும் சரி, இரவு இரண்டு மணியானாலும் சரி, கிளம்பிவிடுங்கள். 'டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்' என்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். முறுக்கிய சினைப்பையிலும் ரத்த ஓட்டம் தெரியலாம். மகப்பேறு மருத்துவர் நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம், அந்த ஸ்கேன் படத்தை இன்றே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அது தெர்மல் தாள். மூன்று மாதத்தில் மங்கினால் எதோடு ஒப்பிடுவது?