தெரியாத இளஞ்சிவப்பு

வணக்கம்.

எங்கள் கல்லூரியின் அறிவியல் துறை ஆசிரியர்கள் எட்டுப் பேர் இரு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். எந்த மாணவரையும் ஒதுக்காமல் அறிவியல் நடத்துவது எப்படி என்று சேர்ந்து கற்பதே நோக்கம். கட்டுரை வாசிக்கிறோம், தலையாட்டுகிறோம். கடைசியில் பேச்சு 'பசங்களுக்கு இங்கிலீஷே வரல' என்று முடிகிறது. முதலாண்டில் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடுள்ள மாணவர் ஒருவர் இருக்கிறார். எங்கே தொடங்குவது?

— வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுரைகளைக் கொஞ்ச நாள் மூடிவைத்துவிட்டு அடுத்த கூட்டத்தை லேபில் நடத்துங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு பரிசோதனை போதும். லேப் உதவியாளரையும் கூப்பிடுங்கள். யார் எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.

தரம்பார்த்தலையே முதலில் எடுங்கள்: ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறம் மாறும் இடத்தை வைத்து இன்னொன்றின் செறிவைக் கணக்கிடும் பரிசோதனை அது. பினாப்தலீன் என்ற நிறங்காட்டியில் முதலில் தோன்றும் வெளிர் இளஞ்சிவப்பு உங்கள் மாணவருக்குப் பிடிபடாமல் போகலாம். நிறம் அடர்ந்து தெரிவதற்குள் அரை மில்லி கூடிவிட்டால், 20 மில்லிக்கு 2.5 சதவீதப் பிழை. மதிப்பெண் அங்கேயே போயிற்று. 'கவனமாப் பாருப்பா' என்பதால் ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பதிலாகத் தைமால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை வாங்கிவையுங்கள். நிறமற்றதிலிருந்து நீலமாகும், மாறும் எல்லை பிஎச் 9.3 முதல் 10.5 வரை. பிளாஸ்கில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அல்லது ஆக்சாலிக் அமிலம், பியூரெட்டில் அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால், இதனால் வரும் பிழை ஒரு சொட்டுக்குள் அடங்கும். 0.01 நார்மலில் அது பத்து மடங்காகும், அங்கே வேண்டாம். இன்னொன்று: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மெல்ல மங்கும். மாணவர் முடிவுநிலை (நிறம் மாறி நிறுத்த வேண்டிய இடம்) வரவில்லை என்று நினைத்து மேலும் விடுவார். 30 விநாடி நின்றால் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கு இது உதவாது, அங்கே பெர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்பே முடிவைக் காட்டுகிறது. ஃபெரஸ் கரைசல் என்றால், நிறத்துக்குப் பதில் மின்னழுத்தத்தை அளக்கும், மேல்வகுப்பு லேபில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரைப் பிளாட்டினம் மின்முனையோடு கொண்டுவரலாம். முதலில் ஒவ்வொரு மில்லியாக, முடிவுநிலை நெருங்கியதும் 0.1 மில்லியாக. கலக்கி, எண் நின்ற பிறகே குறிக்க வேண்டும். அவசரப்பட்டால் வளைகோடு தாறுமாறாகும்.

இங்கிலீஷ் புலம்பலுக்கு வருவோம். தமிழ்வழியில் படித்தவருக்குத் தரம்பார்த்தலும் நிறங்காட்டியும் பிளஸ் டூவிலேயே தெரியும். 'டைட்ரேஷன்', 'இண்டிகேட்டர்' என்ற பெயர்கள்தான் புதிது. செய்முறைத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். 'கன்கார்டன்ட்' மட்டும் தனி வில்லங்கம். இரண்டு அளவீடுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போனால் போதும் என்பதே அதன் பொருள் என்று யாரும் சொல்லாததால் ரெக்கார்டில் 19.8, 19.8, 19.8 என்று வரிசையாக விழுகிறது. அதைப் பார்த்துக் காப்பி என்கிறோம்.

பார்வைக் குறைபாட்டை 'உணர' ஆசிரியர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு லேபில் நடக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். புதிதாகக் கண் கட்டியவருக்குத் தெரிவது பயம்தான். பழகியவரின் சாமர்த்தியம் தெரியாது. மாணவரையே தனியாகக் கேளுங்கள், வகுப்பில் எழுப்பி நிறுத்தி அல்ல. வெள்ளை ஓடு வைத்தோ, பக்கத்தில் நிறமற்ற பிளாஸ்க் ஒன்றை வைத்து ஒப்பிட்டோ அவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கக்கூடும்.

செய்முறைத் தேர்வுக்கு முன் நிறங்காட்டி மாற்றத்தைத் துறைக் கூட்டக் குறிப்பில் பதிந்து, வெளித்தேர்வாளருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அன்று காலையில் வாயால் சொன்னால் பினாப்தலீன் பாட்டில்தான் மேசைக்கு வரும்.