நாலடி ரீஃப் டேங்கில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு மீன் விட வேண்டும். எதை விடலாம்?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்தில், பவளமும் கடல்மீனும் வளர்க்கிற ஒரு உப்புத் தண்ணீர் டேங்க். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு டாம்சல் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் என்கிற மென்பவளம். பவுடர் ப்ளூ டேங் என்கிற நீல மீன் மேல் ஆசை இருக்கிறது, வாங்கலாமா என்கிறார்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. வாங்கியும் விட்டேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் டேங்க் கணக்குப்படி 340 லிட்டர். கல்லும் மணலும் அடைக்கிற இடம் போக 280 தேறினால் அதிகம். பவுடர் ப்ளூ கடையில் இருக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். பவளத்திட்டில் பாசியை மேய்ந்தபடி நாளெல்லாம் திரிகிற மீன் அது. நாலடிக்குள் விட்டால் போய் முட்டுவதும் திரும்புவதும்தான் அதன் பிழைப்பு. அந்த அலுப்பில் உடம்பு தளரும், வெண்புள்ளி நோய் வரும். ஐக் என்று நாம் சொல்வது அதைத்தான்.

என்னுடையதற்கு ஐந்தாம் நாள் காலையில் துடுப்பில் உப்பைத் தூவிய மாதிரி புள்ளிகள். செம்பு மருந்து அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும், ஆனால் கூடவே பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதனால் மீன்களைப் பிடித்து வேறு தொட்டியில் போட்டுத்தான் வைத்தியம். பிடிக்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து அடுக்கிய கல்லையெல்லாம் கலைக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு முழங்கை வரை உப்புத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். அப்படியும் அந்த டேங் மீன் போய்விட்டது, கோமாளி ஜோடியில் பெரியதும் போய்விட்டது. அப்புறம் ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகட்டும் என்று 76 நாள், மீனே இல்லாத டேங்குக்கு தினமும் லைட் போட்டேன், ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். என்ன காட்சி என்று வீட்டில் கேட்டார்கள்.

சரி, எதை விடலாம்? என் ஓட்டு ஃபேரி ராஸ் என்கிற சின்ன மீனுக்கு. பெரும்பாலான வகைகள் விரல் நீளம், மிஞ்சினால் ஒன்றரை விரல் நீளம். பவளத்தைக் கொத்தாது. ஆண் மீன் சும்மா இருக்கும்போதே அழகுதான். சாயங்காலம், லைட் அணைவதற்கு முன்னால், பெண் மீனைப் பார்த்துத் துடுப்பையெல்லாம் விரிக்கும் பாருங்கள், ஒரு நொடியில் நிறமே மாறி உடம்பில் மின்சாரக் கோடு ஓடும். ஒரே மீனை இரண்டு மீனாகப் பார்க்கலாம். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கல்லிடுக்கில் கண்ணாடிப் பை மாதிரி ஒன்றுக்குள் படுத்திருக்கும். அது தானே சுரந்துகொண்ட சளிப்போர்வை. முதல் தடவை பார்த்தபோது ஏதோ நோய் என்றே பயந்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் மாலத்தீவில் ஆழத்தில் வாழும் ஒன்றுக்கு 2022-ல்தான் பெயரே வைத்தார்கள், திவேஹி மொழியில் ரோஜாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அதன் விலையைக் கேட்காதீர்கள். நமக்குச் சாதாரண வகைகளே போதும்.

ஒரே தொல்லை, குதிக்கும். மூடியில் வயர் போக விட்ட சின்ன இடைவெளி போதும், காலையில் ஸ்டாண்டுக்குப் பின்னால் கருவாடாகக் கிடக்கும். மீனுக்கு முன்னால் மூடிக்கு வலை வாங்குங்கள்.

ஒரு மீன் இல்லாமல் ஒரு கூட்டமே பிடிக்கும் என்றால் லைர்டெயில் ஆந்தியாஸ். நாலைந்து பெண் மீன் மட்டும் வாங்கினாலும் போதும், பெரியது ஆணாக மாறிக்கொள்ளும். கோமாளியில் இது தலைகீழ். என்னிடம் பிழைத்த சின்ன ஆண், புதிதாக ஒரு குஞ்சை விட்டதும் மெல்லப் பெண்ணாகி வீட்டையே ஆள ஆரம்பித்தது. ஆந்தியாஸுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை தீனி போட வேண்டும். காலையில் ஆபீஸ் போய் ராத்திரி வருகிறவர்களுக்கு ஒத்துவராது, அவ்வளவு தீனிக்கு, கழிவை நுரையாக்கி வெளியேற்றுகிற ஸ்கிம்மரும் நல்லதாக இருக்க வேண்டும்.

ஃபிளேம் ஏஞ்சல் அழகி. ஆனால் சீட்டாட்டம் மாதிரி. ஒன்று பவளத்தைத் திரும்பியே பார்க்காது, இன்னொன்று முதல் நாளே கொத்தும். மாண்டரின் மீன் வேண்டாம், புது டேங்கில் அது தின்கிற நுண்ணிய உயிர்கள் போதாமல் பட்டினி கிடந்து சாகும். மூரிஷ் ஐடலைக் கடையிலேயே ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கடையில் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். "இப்பதான் சாப்பிட்டுச்சு சார்" என்பார்கள். "பரவாயில்லண்ணே, ரெண்டே ரெண்டு மைசிஸ் போடுங்க" என்று நில்லுங்கள். மைசிஸ் என்பது தீனியாகப் போடுகிற, இறால் மாதிரிக் குட்டி உயிர். பாய்ந்து வந்து எடுத்தால் வாங்கலாம். வாயில் வாங்கித் துப்பினால் அடுத்த வாரம் வந்து பாருங்கள். வயிறு ஒட்டியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதமாவது தனித் தொட்டி, நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பவளம் வாங்கும்போது இறக்குமதிக் காகிதத்தைக் கேளுங்கள். நம் கடலின் கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கும் அதே அட்டவணைதான்.

கடைசியாக அந்த டாம்சல்கள். அவை இருக்கும்வரை புதிதாக வருகிற ராஸ் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், நீங்கள் காசு கொடுத்த நிறத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. முதலில் அவற்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பிடிப்பதற்குக் கல்லைக் கலைக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதே பாட்டிலுக்குள் செருகி, உள்ளே கொஞ்சம் மைசிஸ் போட்டு மணலில் படுக்க வையுங்கள். முதல் நாள் சீண்டாது. இரண்டாம் நாள் தீனியைக் குறைத்துப் பாருங்கள், டாம்சலின் பேராசைக்கு அது போதும்.