‘ஆன்சைட்னு வீட்டுல சொல்லிட்டேன் அக்கா, இப்போ என்ன பண்றது?’

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு, ஊர் திருச்சி. ஃப்ரீலான்ஸா வீடியோ எடிட்டிங் பண்றேன். லண்டன்ல ஒரு கிளையன்ட், அமெரிக்காவுல ஒரு கிளையன்ட், மாசம் ஒண்ணேகால் லட்சம் வரைக்கும் வருது. தாய்லாந்துல சியாங் மாய் போயி ஒரு வருஷம் தங்கி வேலை பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வெளிநாட்டு கிளையன்டுக்கு அங்கருந்து வேலை பாக்குறவங்களுக்குக் குடுக்குற டிடிவி விசாவுக்கு அக்கவுண்ட்ல 5 லட்சம் பாட் (தாய்லாந்துக் காசு) காட்டணுமாம், என்கிட்ட இருக்குறது 4 லட்சம் ரூபாதான். ஒரு ஏஜென்ட் மூணு மாசத்துக்கு பணத்தை என் அக்கவுண்ட்ல போட்டு வைக்கிறேன், 40,000 கமிஷன் குடுங்கங்குறார். என் ஃப்ரெண்டோ விசாவே வேணாம்டி, டூரிஸ்டா போயிட்டு அப்பப்போ பார்டர் தாண்டிட்டு வந்துக்கலாம்ங்குறா. அப்பா விடமாட்டார்னு தெரிஞ்சதால கம்பெனி ஆன்சைட் அனுப்புதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஏஜென்ட் வழியா, ஃப்ரெண்ட் வழியா, எதுல போகட்டும்?
– திருச்சி வாசகி

பதில்: ரெண்டுலயும் போகாத ம்மா. ஆனா சியாங் மாய்க்குப் போ. இது என்ன பதில்னு முறைக்காத, கடைசி வரைக்கும் படி, உனக்கு ஒரு வழி வச்சிருக்கேன்.

முதல்ல அந்த ஏஜென்ட். 5 லட்சம் பாட்னா சுமாரா 14 லட்ச ரூபா. அவ்ளோ பணத்தை முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் உன் அக்கவுண்ட்ல சும்மா போடமாட்டார், உன்கிட்ட கையெழுத்துப் போட்ட செக் வாங்கி வச்சுக்கிட்டுத்தான் போடுவார், அந்த செக் நாளைக்கு எங்க போயி நிக்கும்னு யோசிச்சியா? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம்ம இன்கம் டாக்ஸ். மாசம் ஒண்ணேகால் லட்சம் வர்ற அக்கவுண்ட்ல திடீர்னு 10 லட்சம் வந்து உக்காந்துட்டு மூணு மாசத்துல காணாமப் போனா ‘இது யார் பணம்’னு கேள்வி வரலாம். ஏஜென்ட் பணம்னு எழுதிக் குடுப்பியா? அந்தப்பக்கம் தூதரகத்துல உக்காந்திருக்கவங்களும் இந்த மாதிரி ஸ்டேட்மென்ட் நிறைய பாத்தவங்கதான், சந்தேகம் வந்தா விசா கிடையாது, கட்டுன ஃபீஸும் திரும்பி வராது, அது மட்டுமே சுமார் 10,000 பாட்.

சரி, ஃப்ரெண்ட் வழி. ஒரு காலத்துல நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுனாங்க, பஸ் ஏறி லாவோஸ் பார்டர்ல ஒரு ஸ்டாம்ப், திரும்பி வந்து இன்னொரு ஸ்டாம்ப். இப்போ அடிக்கடி போயிட்டு வர்றவங்களை இமிகிரேஷன்ல நிறுத்தி வச்சு கேள்வி கேக்குறாங்க, திருப்பியும் அனுப்புறாங்க. உன் லேப்டாப்பு துணிமணி எல்லாம் சியாங் மாய் ரூம்ல கிடக்கும், நீ பார்டர்ல நிப்ப. அதோட டூரிஸ்ட்னு சொல்லிட்டு உள்ள போயி தினம் எட்டு மணி நேரம் வேலை பாக்குறது, யாரும் கேக்கலைங்குறதால சரியாயிடாது. அதுக்குன்னேதான் 2024 ஜூலைல இந்த டிடிவி விசாவையே கொண்டு வந்தாங்க, அஞ்சு வருஷம் செல்லும், எத்தனை தடவை வேணா போகலாம் வரலாம், ஒரு தடவை உள்ள போனா 180 நாள் இருக்கலாம். வேலை விஷயத்துல ஒரே கண்டிஷன், தாய்லாந்து கம்பெனிக்கோ அங்க இருக்குற கிளையன்டுக்கோ வேலை செய்யக்கூடாது. உனக்கு லண்டனும் அமெரிக்காவும்தானே, அப்படியே பொருந்துது. இவ்ளோ நல்ல கதவு திறந்திருக்கும்போது எதுக்கு சுவர் ஏறிக் குதிக்கணும்?

பணம்தான் இல்லன்னு சொல்லுவ. அதுக்குத்தான் வர்றேன். அந்த 5 லட்சம் பாட்டை நீ ஒரு நுழைவுக் கட்டணம் மாதிரி பாக்குற, அதை அங்க யாரும் வாங்கிக்கப் போறதில்ல, அது உன் பணமாவே இருக்கும். கொஞ்சம் கணக்கு போட்டுப் பாரு. உன் வருமானம் பாட்ல சுமார் 45,000. சாண்டிதாம் பக்கம் ஒரு ஸ்டூடியோ ரூம் 7,000, 8,000 பாட்டுக்குக் கிடைக்கும், நிம்மான் ஏரியான்னா 12,000ல இருந்து ஆரம்பம், சீசன்ல இன்னும் ஏறும். உள்ள போகும்போதே ரெண்டு மாச டெபாசிட், ஒரு மாச அட்வான்ஸ். கரன்ட் பில்லை பல ஓனருங்க யூனிட்டுக்கு 7, 8 பாட்னு தனியா போடுவாங்க, அரசாங்க ரேட் அதுல கிட்டத்தட்ட பாதிதான், அதனால ஏசி போடுற ஆளா இருந்தா கையெழுத்துக்கு முன்னாடி இதைக் கேட்டுக்க. சாப்பாடு, ஸ்கூட்டர் வாடகை, கோ-ஒர்க்கிங் (பல பேர் பகிர்ந்துக்குற வாடகை ஆபீஸ்), இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 30, 35 ஆயிரம் பாட்ல நல்லாவே இருக்கலாம். ரெண்டு கிளையன்டும் இருக்குற வரைக்கும்! உனக்கு இருக்குறதே ரெண்டு பேர், அதுல ஒருத்தர் ‘நெக்ஸ்ட் குவார்ட்டர்ல இருந்து ஏஐ வச்சு பாத்துக்குறோம்’னு ஒரு மெயில் போட்டா அங்க உன் பாதி வருமானம் போச்சு, வாடகை மட்டும் முழுசா நிக்கும். கையில 4 லட்சத்தோட இதைத் தாங்குறதும் 14 லட்சத்தோட தாங்குறதும் ஒண்ணில்ல. தாய்லாந்து அரசாங்கம் உன்னை நம்பாம கேக்குற அந்த ரூல், உனக்கும் நல்லதுதான்னு நான் சொல்லுவேன்.

இப்போ நான் சொன்ன அந்த வழி. ‘ஒரு வருஷம்’ங்குறதை விட்டுடு. அக்டோபர்ல போ, பிப்ரவரி கடைசில திரும்பி வா. அஞ்சு மாசம்.

ஏன்னா மார்ச் மாசத்து சியாங் மாயை நீ பாத்திருக்க மாட்ட. எல்லாரும் போடுற ரீல்ஸ் நவம்பர் டிசம்பர்ல எடுத்தது, மலை, பனி, காபி. பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும் சுத்தி இருக்குற காட்டுலயும் மக்காச்சோள வயல்லயும் தீ வைப்பாங்க, மியான்மர் லாவோஸ் பக்கத்துப் புகையும் சேர்ந்து வந்து அந்தப் பள்ளத்தாக்குல அப்படியே தேங்கி நிக்கும், மார்ச்ல உலகத்துலயே காத்து மோசமான ஊர் லிஸ்ட்ல சியாங் மாய் முதல் இடத்துக்கெல்லாம் வந்திருக்கு. ஊரை ஒட்டி இருக்குற டொய் சுதேப் மலை கண்ணு முன்னாடி நின்னாலும் தெரியாது. அங்க பழகுன நோமாட்ஸ், அதாவது ஊர் ஊரா தங்கி லேப்டாப்ல வேலை பாக்குறவங்க எல்லாம் பிப்ரவரியிலயே தெற்கே கடல் பக்கம் ஓடிருவாங்க. புதுசா போறவங்கதான் ஒரு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போட்டுட்டு ஏர் பியூரிஃபையர் வாங்கி வச்சு ரூமுக்குள்ளயே இருமிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

டாக்ஸுக்கும் இந்த அஞ்சு மாசம்தான் நல்லது. தாய்லாந்துல ஒரு காலண்டர் வருஷத்துல 180 நாள் இருந்துட்டா நீ அங்க டாக்ஸ் ரெசிடென்ட், 2024ல இருந்து வெளிநாட்டு வருமானத்தை உள்ள கொண்டு வந்தா அதுக்கு வரி கணக்கு காட்டணும். நம்மளுக்கு ஏப்ரல்ல இருந்து மார்ச், அவங்களுக்கு ஜனவரியில இருந்து டிசம்பர். அக்டோபர்-பிப்ரவரி போனா மொத்தமே 151 நாள், அதுவும் அவங்களுக்கு ரெண்டு வருஷத்துல பிரிஞ்சிடும். இங்க 182 நாளுக்கு மேல இருக்குறதால நீ இந்தியாவுல வழக்கம்போல ரெசிடென்ட், வழக்கம்போல ரிட்டர்ன். இல்ல, ஒரு வருஷம் முழுசா இருந்தே தீருவேன்னா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல உக்காந்து கணக்கு பாக்கணும், ரெண்டு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, ஆனா அதுக்கு நல்ல ஆடிட்டர் ஃபீஸும் இருக்கு. போறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு ஆடிட்டரை ஒரு மணி நேரம் பாத்துடு.

விசாவுல ஒரே என்ட்ரில இந்த 151 நாளும் அடங்கிடும், எக்ஸ்டென்ஷனுக்கு இமிகிரேஷன் ஆபீஸ் வாசல்ல நிக்க வேணாம். 90 நாள் தாண்டும்போது அட்ரஸ் ரிப்போர்ட் மட்டும் ஒரு தடவை பண்ணணும். நீ வந்து தங்கியிருக்கன்னு ஓனர் 24 மணி நேரத்துக்குள்ள டிஎம்30ன்னு ஒண்ணு பதியணும், பல பேர் சோம்பேறித்தனமா விட்டுருவாங்க, அப்புறம் இமிகிரேஷன்ல நிக்குறது நீதான், அதனால ரூம் பாக்கும்போதே ‘டிஎம்30 போடுவீங்களா’ன்னு கேளு, முழிச்சா அடுத்த ரூம் பாரு.

இப்போ கஷ்டமான விஷயத்துக்கு வர்றேன், அப்பா.

அந்த ஆன்சைட் கதையை இந்த வாரமே முடிச்சிடு. உங்க அப்பா சும்மா பழைய காலத்து ஆளா இருந்து வேணாங்கலைன்னுதான் எனக்குத் தோணுது. ‘தாய்லாந்துல ஐடி வேலை’ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி, அங்கருந்து மியான்மருக்குக் கடத்தி, மியாவடி பக்கம் அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி பண்ண வச்சாங்களே, 2022ல இருந்து பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கு, நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் அதுல மாட்டித்தானே மீட்டுட்டு வந்தாங்க. பேப்பர் படிக்கிற எந்த அப்பாவுக்கும் தாய்லாந்துன்னா முதல்ல அதுதான் ஞாபகம் வரும். இப்போ நீ சொன்ன பொய்யைப் பாரு, ‘கம்பெனி தாய்லாந்துக்கு அனுப்புது’. அவர் பயப்படுற கதையவே எடுத்து அவர்கிட்ட சொல்லியிருக்க! உண்மை அதைவிட எவ்ளோ பாதுகாப்பா இருக்குன்னு பாரு, அங்க உனக்கு யாரும் வேலை தரல, ஏஜென்ட் கிடையாது, உன் வேலை உன் லேப்டாப்ல இருக்கு, நாளைக்கே பிடிக்கலைன்னா டிக்கெட் போட்டு வந்துடலாம், சென்னை-பாங்காக் மூணரை மணி நேரம், சியாங் மாய்லயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கு. கிளையன்ட் கான்ட்ராக்ட், விசா ரூல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து டேபிள்ல வச்சுப் பேசு. அப்பாக்கள்கிட்ட பேப்பர் காட்டிப் பேசுனா பாதி கோபம் இறங்கும், இது என் அனுபவம். ‘ஒரு வருஷம்’னா வர்ற பதட்டம் ‘தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் இருக்கமாட்டேன், மார்ச்ல வந்துடுவேன்’னா வராது.

அப்படியும் ஒத்துக்கலைன்னா? 28 வயசு, சொந்த சம்பாத்தியம், சொல்லிட்டுப் போ. அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா சொல்லாம போகாத. அங்க ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து ஆஸ்பத்திரில கிடந்தா ஃபார்ம்ல ஒரு நம்பர் எழுதணும்ல, அந்த நம்பரை எடுக்குறவருக்கு நீ எந்த ஊர்ல எந்த அட்ரஸ்ல இருக்கன்னு தெரியணும்.

ஸ்கூட்டர்னதும் ஞாபகம் வருது, நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும், அதனாலயே எல்லாரும் ஈஸின்னு வாடகைக்கு எடுத்துடுறாங்க. ஆர்டிஓவுல இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிட்டுப் போ, அதுல டூவீலர் இருக்கான்னு பாத்துக்க. ஃபைனுக்கு பயந்து சொல்லல, லைசென்ஸ் சரியில்லாம ஆக்ஸிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கை விரிச்சிடுவான், தனியார் ஆஸ்பத்திரி பில் அங்க லேசுப்பட்டதில்ல. பாஸ்போர்ட்டை டெபாசிட்டா கேக்குற கடையில வண்டியே எடுக்காத.

அப்புறம் உன் இந்திய சிம். இதை யாரும் முன்கூட்டி சொல்லமாட்டாங்க, ஆனா அங்க போயி அதிகம் அழவைக்கிறது இதுதான். பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும், ரீசார்ஜ் முடிஞ்சு சிம் செத்துட்டா பணம் இருந்தும் எடுக்க முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடியே ரோமிங் ஆன் பண்ணி வச்சுக்க, வேலிடிட்டியை வீட்டுல தம்பியோ யாரோ பாத்துக்கட்டும். கார்டும் ஒண்ணுக்கு ரெண்டா, ஃபாரின் மார்க்கப் (வெளிநாட்டுல செலவு பண்ணா பேங்க் கூடுதலா புடிக்கிறது) இல்லாததா எடுத்துக்க, அங்க ஏடிஎம்ல ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதுக்கு மேல புடிச்சுக்குவாங்க, அதனால சின்னச் சின்னதா எடுக்காத.

நேரம் பத்தி ஒண்ணு. தாய்லாந்து நம்மளைவிட ஒண்ணரை மணி நேரம் முன்னாடி. லண்டன்காரங்க காலையில 10 மணி மீட்டிங்னா குளிர்காலத்துல உனக்கு சாயங்காலம் 5, பரவாயில்ல. நியூயார்க்ல காலை 9ன்னா உனக்கு ராத்திரி 8 இல்ல 9. நீ போற அஞ்சு மாசமும் ராத்திரி ஷிஃப்ட்தான். பகல்ல ஊர் சுத்தலாம்னு ஆரம்பத்துல நல்லாத்தான் இருக்கும், ஆனா கோ-ஒர்க்கிங்ல பழகுற கூட்டம் எல்லாம் ராத்திரி சாப்பிடப் போகும்போது நீ கிளையன்ட்கூட போன் கால்ல உக்காந்திருப்ப. தனிமைங்குறது அங்க இப்படித்தான் வரும், பெரிய சோகமா எல்லாம் வராது. பழகுனவங்களும் ரெண்டு மாசத்துல பாலி, வியட்நாம்னு பை தூக்கிடுவாங்க. அதனால நோமாட் கூட்டத்தோட மட்டும் சுத்தாத, ஒரு தாய் மொழி கிளாஸ்ல சேரு, தினம் ஒரே கடையில சாப்பிடு, அந்தக் கடைக்கார அம்மாதான் நீ ரெண்டு நாள் வரலைன்னா தேடுவாங்க. நீ சைவம்னா மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து போட்டிருக்குற ‘ஜே’ கடைங்களைப் பாத்து வச்சுக்க, மத்த கடைங்கள்ல காய்னு சொல்லி வாங்குனாலும் உள்ள மீன் சாஸ் இருக்கும்.

இப்போ பணத்துக்கு. வீட்டுல இருந்துக்கிட்டு மாசம் 70,000 ஒதுக்கு, ஒரு வருஷத்துல 8 லட்சத்து 40,000, கையில இருக்குறதோட 12 லட்சத்து 40,000. இன்னும் ரெண்டு மூணு மாசம் தள்ளுனா தொட்டுடுவ. நடுவுல மூணாவதா ஒரு கிளையன்ட் புடிக்கப் பாரு, பணத்தைவிட அது முக்கியம். இந்த வருஷம் செப்டம்பர்ல ரெண்டு வாரம் லீவு போட்டு நிஜமாவே டூரிஸ்டா ஒரு தடவை போயிட்டு வா, எடிட்டிங் லேப்டாப் வீட்டுலயே இருக்கட்டும். மழை கொட்டும், ஊரு காலியா இருக்கும், போட்டோ ஒண்ணும் நல்லா வராது, அப்பயும் உனக்குப் பிடிச்சுதுன்னா அடுத்த வருஷம் அக்டோபருக்கு விசா போடு. விசா இப்போ ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், ஆனா தாய்லாந்துக்கு வெளிய இருந்துதான் பண்ணணும், அதனால அங்க போயி மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காத. ரூல் எல்லாம் அடிக்கடி மாத்துறாங்க, அப்ளை பண்ற வாரம் மறுபடி ஒரு தடவை செக் பண்ணிக்க. ஃப்ளைட்டுக்கு முந்தி நிரப்புற டிஜிட்டல் அரைவல் கார்டுக்குக் காசு கிடையாது, காசு கேட்டா அது போலி சைட்.

ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் ஏதும் குடுத்திருந்தா அதை முதல்ல திருப்பிக் கேளு. அப்பாகிட்ட பேசிட்டு என்ன சொன்னாருன்னு எழுது.